மகளின் பிராமும் காரில் கிடந்த ஒரு நாவலும்

இதை எழுதலாமா என்று மகளிடம் கேட்டு, எழுதியதைப் படிக்கக் கொடுத்து, அவள் இரண்டு இடங்களை அடித்துத் தந்த பிறகுதான் வெளியே விடுகிறேன். அவள் பெயரைச் சொல்லப் போவதில்லை. வீட்டில் பாப்பா என்று கூப்பிடுகிறோம், இங்கேயும் பாப்பாவாகவே இருக்கட்டும். எனக்குச் சொந்த ஊர் திண்டுக்கல் பக்கம். 16 வருடமாக அமெரிக்காவில், இண்டியானாபொலிஸுக்கு வடக்கே ஒரு புறநகரில் இருக்கிறோம்.

பிராம் என்பது இங்கே உயர்நிலைப் பள்ளியின் கடைசி இரண்டு வகுப்புப் பிள்ளைகளுக்கு ஏப்ரல், மே மாதங்களில் நடக்கிற நடன விருந்து. ஜோடியாகப் போவார்கள், நண்பர்கள் கூட்டமாகவும் போவார்கள். உடை, பூ, சாப்பாடு, போட்டோ என்று நம் ஊரில் கல்யாண ரிசப்ஷனுக்கு ஓடுவதுபோல ஒரு மாதம் ஓட வேண்டியிருக்கும். பாப்பா போக ஆசைப்பட்டது இன்னொரு பள்ளியில் படிக்கிற ஒரு பெண்ணோடு. அதை எனக்கு அவள் சொல்வதற்கு முன்னால் ஒரு நாவல் சொன்னது.

பாப்பா பள்ளி பேண்டில் கிளாரினெட் வாசிக்கிறாள். பயிற்சி முடிகிறவரை பார்க்கிங்கில் காத்திருப்பது என் வேலை. பிப்ரவரியில் ஒரு நாள், "அம்மா, பின் சீட்ல ஒரு புத்தகம் கிடக்கு, சும்மாதானே உட்காந்திருக்கே, படி. நம்ம ஊர்க் கதைதான், கிளாரினெட் வாசிக்கிற பொண்ணு வர்றா" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள். லியா ஜான்சன் எழுதிய 'யூ ஷுட் சீ மீ இன் எ கிரவுன்' என்ற நாவல், 2020இல் வந்தது. எழுதியவரும் இண்டியானாக்காரர். கதையும் இண்டியானாவில்தான் நடக்கிறது, பிராம் என்றால் ஊரே பைத்தியமாகிற ஒரு சின்ன ஊரில்.

கதாநாயகி லிஸ் லைட்டி, கறுப்பினப் பெண். அம்மா சிக்கிள் செல் என்கிற பரம்பரை ரத்த நோயில் இறந்துவிட்டார், தம்பிக்கும் அதே நோய், தாத்தா பாட்டிதான் வளர்க்கிறார்கள். டாக்டராக வேண்டும் என்று குறிப்பிட்ட ஒரு கல்லூரியையே கனவு கண்டுகொண்டிருப்பவளுக்கு எதிர்பார்த்த பண உதவி கிடைக்காமல் போகிறது. அந்த ஊரில் பிராம் ராணியாகத் தேர்வாகிறவளுக்கு ஸ்காலர்ஷிப் உண்டு. கூட்டத்தின் முன்னால் நிற்கவே கை நடுங்குகிற பெண் அந்தப் பணத்துக்காகப் போட்டியில் இறங்குகிறாள். போஸ்டர், ஊர்ச்சேவை, மதிப்பெண் என்று பாதித் தேர்தல் மாதிரி நடக்கிற போட்டி. அதே போட்டியில் மேக் என்று ஊருக்குப் புதிதாக வந்த ஒரு பெண்ணும் நிற்கிறாள், லிஸுக்கு அவள்மேல் காதல் வந்துவிடுகிறது. இவ்வளவுதான் கதை. ஆனால் வேகமாகப் போகிறது, சிரிப்பு வருகிறது, பார்க்கிங்கில் தனியாக உட்கார்ந்து நான் சத்தமாகச் சிரித்திருக்கிறேன்.

ஆங்கிலத்தில் நாவல் படித்துப் பழக்கமில்லாததால் எனக்குப் பதினொரு நாள் ஆனது. ஏழாவது எட்டாவது நாளில் மனதுக்குள் ஒரு சந்தேகம் விழுந்தது. லிஸ் யாரிடம் சொல்வது, எப்போது சொல்வது, யாருக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று கணக்குப் போடுகிற இடங்கள் வரும். அந்த இடங்களில் எல்லாம் பக்க ஓரம் லேசாக மடித்து நிமிர்த்திய தடம் இருந்தது. நூலகப் புத்தகம்தான், வேறு யாரும் மடித்திருக்கலாம். ஆனால் பாப்பா சின்ன வயதிலிருந்தே பக்கத்தை மடிப்பாள், எத்தனை தடவை திட்டியிருக்கிறேன். அன்று அந்த மடிப்பின்மேல் விரலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். நான் எதுவும் கேட்கவில்லை. கேட்காமல் இருந்தது நல்லது என்று இப்போதும் நினைக்கிறேன். "புத்தகம் நல்லாயிருக்கு பாப்பா, அந்தத் தம்பிப் பையன் எனக்குப் பிடிச்சிருக்கான்" என்று மட்டும் சொன்னேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "ம்" என்றாள்.

மார்ச்சில் காரில் வரும்போது சொன்னாள். கார் நல்ல இடம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. இருவரும் முன்னால் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருக்கலாம், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டியதில்லை, எழுந்து போகவும் முடியாது. உங்கள் பிள்ளை காரில் ஏதாவது சொல்ல ஆரம்பித்தால் வீடு வந்துவிட்டதே என்று இறங்கிவிடாதீர்கள், இன்னொரு சுற்றுச் சுற்றுங்கள். நான் அப்படிச் செய்யவில்லை. "சரி, முதல்ல படிப்பைப் பாரு" என்று சொல்லி காரை கராஜில் விட்டேன். கோபத்தில் சொன்னதில்லை, வாயில் வேறு எதுவும் வரவில்லை. அவளோ அதை ஒரு கதவு மூடின சத்தமாகக் கேட்டிருக்கிறாள். மறுநாள் தோசை ஊற்றிக்கொண்டே, "நேத்து நான் சொன்னது சரியில்ல. நீ என்கிட்ட சொன்னதுல எனக்குச் சந்தோஷம். எனக்கு நிறையத் தெரியாது, கத்துக்கிறேன்" என்றேன். முதல் பதில் பிசகினால் மறுநாளே திருத்திவிடலாம். பிள்ளைகள் அதற்கு இடம் கொடுப்பார்கள், நாம்தான் வாரக்கணக்கில் தள்ளிப்போடுகிறோம்.

அன்று ராத்திரி தூக்கமில்லாமல் போனில் தேட ஆரம்பித்தேன். தேடினால் முதலில் வருவது எல்லாம் கனமான சங்கதிகள். 2010இல் மிசிசிப்பி மாநிலத்தில் கான்ஸ்டன்ஸ் மெக்மில்லன் என்ற பெண், ஆண்கள் அணிகிற டக்ஸிடோ கோட் போட்டுக்கொண்டு தன் காதலியோடு பிராமுக்குப் போக வேண்டும் என்று கேட்க, பள்ளி நிர்வாகம் பிராமையே ரத்து செய்துவிட்டது. பிறகு அவளை ஓர் இடத்துக்கு வரச் சொல்லிவிட்டு, பெரும்பாலான பிள்ளைகள் வேறோர் இடத்தில் தனியாகக் கொண்டாடியிருக்கிறார்கள். அவள் போய் நின்ற மண்டபத்தில் விரல் விட்டு எண்ணக்கூடிய பேர்தான் இருந்தார்கள். வழக்கு நடந்து 35,000 டாலர் இழப்பீடு கிடைத்தது. ஆனால் அந்தக் காலி மண்டபம் என் கண்ணை விட்டுப் போகவில்லை. அந்தப் பெண்ணின் முகத்தில் பாப்பாவின் முகத்தை வைத்து வைத்துப் பார்த்து விடியும்வரை அழுதேன். அதற்கும் முன்னால், 1980இலேயே, ரோட் ஐலண்டில் ஆரன் ஃப்ரிக் என்ற பையன் தன் ஆண் நண்பனை அழைத்துப் போகக் கூடாது என்ற தலைமையாசிரியர் மேல் வழக்குப் போட்டு, கூட்டாட்சி நீதிமன்றத்தில் ஜெயித்து, பிராமுக்குப் போயும் வந்திருக்கிறான். அது கருத்துரிமை, அந்தப் பையனுக்குப் பாதுகாப்புக் கொடுப்பதுதான் பள்ளியின் வேலை என்கிற பக்கம் நின்ற அந்தத் தீர்ப்பை இன்றும் எடுத்துக்காட்டுகிறார்கள். இதெல்லாம் பெற்றவர்கள் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டியவைதான். அரசுப் பள்ளி ஏதாவது தடுத்தால் வாதாட இடம் இருக்கிறது என்று தெரிந்திருப்பது ஒரு பலம்.

ஆனால் நான் அந்தப் பயத்தை அப்படியே தூக்கிக்கொண்டு போய் ஒரு தப்புச் செய்தேன். பாப்பாவிடம் ஒரு வார்த்தை கேட்காமல் பள்ளி அலுவலகத்துக்கு போன் போட்டு, இரண்டு பெண்கள் ஜோடியாக வரலாமா, டிக்கெட் கொடுப்பீர்களா என்று கேட்டுவிட்டேன். போன் எடுத்தவர் ரொம்பச் சாதாரணமாக, "வரலாமே, வெளிப் பள்ளி என்றால் கெஸ்ட் ஃபார்ம் வேண்டும்" என்றார். மகள் பெயர் என்ன என்று கேட்டார், சொன்னேன். சாயங்காலம் இதைச் சந்தோஷமாக அவளிடம் சொன்னபோது அவள் முகம் வெளுத்துவிட்டது. "அம்மா, அந்த ஆபீஸ்ல என் கூடப் படிக்கிறவளோட அம்மா வேலை பாக்கறாங்க. நான் இன்னும் நாலு பேர்கிட்டதான் சொல்லியிருக்கேன். அஞ்சாவது ஆள நீ முடிவு பண்ணிட்டே." லிஸ் போட்ட கணக்கை எல்லாம் பக்கம் பக்கமாகப் படித்துவிட்டு, என் மகள் விஷயத்தில் அந்தக் கணக்கை நானே கலைத்திருக்கிறேன். இதில் மட்டும் நான் கண்டிப்பாகச் சொல்வேன்: உதவி செய்வதற்காகக்கூடப் பிள்ளையைக் கேட்காமல் யாரிடமும் சொல்லாதீர்கள். பள்ளியிடம், மாமாவிடம், கோயிலில் பார்க்கிற நெருங்கின சிநேகிதியிடம், யாரிடமும். பெயர் சொல்லாமல் விசாரிக்க வழி இருக்கிறது. எங்கள் பள்ளியின் இணையதளத்திலேயே பிராம் விதிகள் முழுதும் இருந்தன, அதைப் படித்திருந்தாலே போதும். நல்லவேளை, எதுவும் பரவவில்லை. ஆனாலும் அவள் என்னிடம் சரியாகப் பேச நான்கு நாள் ஆனது.

அவர், அதாவது என் வீட்டுக்காரர், இதற்குள் அந்த நாவலை எடுத்து இரண்டே நாளில் முடித்திருந்தார். பாப்பாதான் "அப்பாவும் படிக்கட்டும்" என்றாள். படித்து முடித்து மூடி வைத்துவிட்டு அவர் சொன்னது எனக்கு மறக்காது. "இந்தப் பொண்ணோட கவலையில முக்கால்வாசி காலேஜ் ஃபீஸ், தம்பி உடம்பு, தாத்தா பாட்டி. காதல் அதுல ஒண்ணு. நாமதான் மூணு வாரமா அது ஒண்ணையே பேசிட்டிருக்கோம்." உண்மைதான். மார்ச் முழுக்க பாப்பாவின் கணக்குப் பரீட்சை பற்றியோ அவள் கிளாரினெட்டுக்கு ரீட் வாங்கினாளா என்றோ நான் கேட்கவேயில்லை. ஒரு துன்பக் கதையை முதலில் படித்திருந்தால் இதை நாங்கள் பார்த்திருக்க மாட்டோம். அதனால்தான், இந்த நிலையில் இருக்கிற பெற்றவர்கள் யாராவது என்னிடம் என்ன படிக்கலாம் என்று கேட்டால், முதலில் லேசான, சிரிப்பு வருகிற ஒரு இளையோர் நாவலைத்தான் சொல்கிறேன், அதுவும் பிள்ளை கையில் ஏற்கனவே இருக்கிற புத்தகமாகவே இருக்கட்டும். சட்டம், ஆய்வு எல்லாம் இரண்டாவது. பிள்ளை எதற்கு ஆசைப்படுகிறது என்பது அந்த லேசான புத்தகத்தில்தான் இருக்கிறது. நல்ல உடை, நல்ல பாட்டு, பக்கத்தில் பிடித்த ஆள், மற்றவர்களுக்குக் கிடைக்கிற மாதிரி ஒரு ராத்திரி. மறைத்து வைத்துப் படிக்கிற புத்தகமும் இல்லை இது. அமெரிக்க நூலகச் சங்கம் தருகிற ஸ்டோன்வால் விருதில் 2021இல் சிறப்பு நூலாகத் தேர்வானது.

சொல் ஒரு பெரிய பிரச்சினையாக இருந்தது. அந்தப் பெண்ணை நான் எப்படிக் குறிப்பிடுவது? தோழி என்றால் மூடி மறைக்கிற மாதிரி இருக்கிறது, காதலி என்றால் பதினேழு வயதுக்குக் கனமாக இருக்கிறது. பாப்பா சாதாரணமாக, பிராமுக்கு ஜோடியாக வருகிறவள் என்கிற பொருளில், "என் டேட்" என்கிறாள். சரி, நானும் வீட்டில் அந்தப் பெண்ணின் பெயரைச் சொல்லியே பேசப் பழகினேன், அதுவே எளிது. ஆனால் தமிழில் யோசிக்கிற எனக்குத் தமிழில் ஒரு சொல் வேண்டியிருந்தது. தேடும்போதுதான் தெரிந்தது, சென்னை உயர் நீதிமன்றம் சொன்னதன்பேரில் தமிழ்நாடு அரசு 2022 ஆகஸ்டில் இதற்கான தமிழ்ச் சொற்களைத் தொகுத்து அரசிதழிலேயே வெளியிட்டிருக்கிறது. நானும் தன்பாலீர்ப்பு, பால்புதுமையர் (ஆங்கிலத்தில் குயர்) என்று சொல்லிப் பழகினேன். அந்த வழக்கே மதுரையிலிருந்து சென்னைக்கு வந்து பாதுகாப்புக் கேட்ட இரண்டு இளம் பெண்களுடையது. அதை விசாரித்த நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், தனக்கு இதைப் பற்றிப் போதிய புரிதல் இல்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, ஓர் உளவியலாளரிடம் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டு, அதற்குப் பிறகு 2021 ஜூனில் விரிவான உத்தரவு போட்டார். இப்படிப்பட்டவர்களை மருத்துவம் என்ற பெயரில் மாற்ற முயல்வதைத் தடுக்கச் சொன்ன உத்தரவு அது. திண்டுக்கல்லில் வளர்ந்த எனக்கு, மதுரைப் பெண்கள் இரண்டு பேருக்காக ஒரு நீதிபதி தெரியாது என்று ஒப்புக்கொண்டது, மற்ற எல்லாவற்றையும்விட அதிகத் தைரியம் கொடுத்தது. அந்தச் செய்தியை வீட்டுக்காரருக்கும் வாசித்துக் காட்டினேன்.

அப்புறம் வேலைகள். கெஸ்ட் ஃபார்மை முதலில் முடியுங்கள். வெளிப் பள்ளியிலிருந்து வருகிற பிள்ளைக்கு அவர்கள் பள்ளி நிர்வாகியின் கையெழுத்து வேண்டும் என்றார்கள், அடையாள அட்டை நகலும் கேட்டார்கள், கடைசித் தேதி பிராமுக்கு இரண்டு வாரம் முன்னாலேயே முடிந்துவிட்டது. பூவையும் கடையில் ஒரு வாரம் பத்து நாளுக்கு முன்பே சொல்லி வைக்க வேண்டும், வாங்கி வந்ததும் பிரிட்ஜில் வைக்க வேண்டும். பையனுக்குக் கோட்டில் குத்துகிற பூ, பெண்ணுக்கு மணிக்கட்டில் கட்டுகிற பூ என்றுதான் கடையில் கேட்பார்கள். பாப்பா கோட் போடுகிறாளே, எதை வாங்குவது என்று நான் குழம்பினேன். அந்தப் பெண்ணின் அம்மா, "இரண்டு பேரையுமே கேட்போம்" என்றார், கேட்டோம், இருவருக்குமே மணிக்கட்டுப் பூதான் வேண்டுமாம். முடிந்தது. அந்த அம்மாவை ஒரு நாள் காபிக்கு வரச்சொல்லிப் பேசியதும் நல்லது, பிராம் முடிந்து யார் எங்கே கூட்டி வருவது, ராத்திரி எத்தனை மணி என்பதெல்லாம் பெரியவர்கள் ஒரே மாதிரிச் சொன்னால் பிள்ளைகளுக்குச் சிக்கல் இல்லை.

கோட்தான் எனக்குப் பிடித்த வேலை. பாப்பாவுக்கு கவுன் வேண்டாம், கோட் வேண்டும். முதலில் அப்பாவின் ரிசப்ஷன் கோட்டை அலமாரியிலிருந்து எடுத்துப் போட்டுப் பார்த்தாள், தோள் இரண்டு பக்கமும் தொங்கியது. இது தைக்கத் தெரிந்தவர்களுக்குத் தெரியும், கோட்டில் கை நீளத்தைக் குறைக்கலாம், இடுப்பைப் பிடிக்கலாம், தோளில் மட்டும் கை வைத்தால் மொத்தக் கோட்டையும் பிரிக்க வேண்டும். அதனால் வாங்கும்போது தோள் பொருந்துகிறதா என்று மட்டும் பாருங்கள். பழைய துணிக் கடையில், பையன்கள் பகுதியில், அவள் தோளுக்குச் சரியாக ஒரு கறுப்புக் கோட் 12 டாலருக்குக் கிடைத்தது. உள்ளே லைனிங் கிழிந்திருந்தது. அதைப் பிரித்து எடுத்துவிட்டு என்ன வைக்கலாம் என்று யோசித்தபோது, என் அம்மா கொடுத்த சின்னாளப்பட்டிச் சுங்குடிச் சேலை ஞாபகம் வந்தது. அரக்கு நிறம், வெள்ளைப் புள்ளி, தலைப்பு நைந்துபோனதால் கட்டாமலே மடித்து வைத்திருந்தேன். பழைய லைனிங்கையே அளவாக வைத்து வெட்டி, முதுகுக்கும் முன்பக்கத்துக்கும் சுங்குடி வைத்தேன். கைக்குள் மட்டும் பழைய வழுவழுப்புத் துணியையே விட்டுவிட்டேன், பருத்தி வைத்தால் சட்டைக் கை சுருண்டு மேலே ஏறிக்கொள்ளும். புள்ளிகள் முதுகுத் தையலில் சேருகிற மாதிரி வைக்க இரண்டு தடவை பிரித்துத் தைத்தேன். வெளியிலிருந்து பார்த்தால் சாதாரணக் கறுப்புக் கோட்தான். அவள் கையைத் தூக்கினால் உள்ளே அரக்கு தெரியும். போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்று ஒரு பக்கத்தை மெல்லத் திறந்து பார்த்தாள், மூடினாள், திரும்பத் திறந்தாள்.

போட்டோவை அம்மாச்சிக்கு அனுப்பலாமா என்று அவளையே கேட்டேன். தனியாக நிற்கிற போட்டோவை மட்டும் அனுப்பு, மற்றதை நானே பிறகு சொல்வேன் என்றாள். அம்மா அதைப் பார்த்துவிட்டு உடனே கூப்பிட்டு, "கோட்டுக்குள்ள இருக்கிறது என் சேலைல்ல?" என்றார். ஆமாம்மா என்றேன். "நல்லாத்தான் இருக்கா" என்றார். அதற்கு மேல் நான் எதுவும் சொல்லவில்லை. அது பாப்பாவின் செய்தி, எப்போது சொல்வது என்று அவளுக்குத் தெரியும்.

பிராம் அன்று நடந்ததை விரிவாக எழுதக் கூடாது என்று அடித்துவிட்டாள். ஒன்று மட்டும் சொல்லலாமாம்: யாரும் எதுவும் சொல்லவில்லை, டிஜே மோசம், பாட்டு எல்லாம் பழசு. பிராமுக்குப் பிறகு விடியும்வரை பள்ளியிலேயே விளையாட்டும் சாப்பாடும் வைத்து, பிள்ளைகள் வண்டி எடுத்துக்கொண்டு ஊர் சுற்றாமல் பார்த்துக்கொள்கிறார்கள், அது நல்ல ஏற்பாடு. காலை 5 மணிக்கு அவர் போய் இருவரையும் ஏற்றிக்கொண்டு வந்தார், அந்தப் பெண்ணை அவள் வீட்டில் இறக்கிவிட்டு.

மறுநாள் நாற்காலியில் கிடந்த கோட்டை எடுத்துப் பார்த்தால், கை இடுக்கில் சுங்குடி இரண்டு அங்குலத்துக்குக் கிழிந்திருக்கிறது. ஆடியிருக்கிறார்கள். தப்பு என்னுடையதுதான். லைனிங்கை முதுகு நடுவில் ஒரு மடிப்பு விட்டு, கோட்டைவிடக் கொஞ்சம் தாராளமாக வெட்ட வேண்டும், நான் இறுக்கமாக வைத்துவிட்டேன். இரண்டு வாரத்தில் அந்தப் பெண்ணின் பள்ளியில் பிராம், பாப்பாவுக்கு அங்கேயும் அழைப்பு இருக்கிறது. சேலையில் இன்னும் முக்கால் கஜம் மிச்சம் இருக்கிறது. இன்று சாயங்காலம் முதுகைப் பிரித்துவிட்டேன், நாளைக்கு மடிப்பு விட்டுத் தைக்க வேண்டும்.